முட்டிக்கு நாலு விரல் கீழே

எங்கள் தெருவில் யாராவது, "கல்யாணத்துக்கு ஊரே திரண்டு வந்துச்சு" என்று பெருமையடித்தால், பாவு பிணைக்கும் அக்கா கைவேலையை நிறுத்தாமலேயே, "எறநூறு பேர் இருப்பாங்க. ரெண்டாம் பந்தியில பாதி எல காலி" என்பார். சொன்னவர் முகம் சுருங்கிப் போகும். வெயில் நெருப்பாய்க் கொளுத்துகிறது என்றால், "நேத்து மாதிரிதான் இருக்குது" என்பார். பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது என்று ஒருத்தி அழுதுகொண்டு ஓடி வந்தால், கழுத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "கொதிக்கல. சுடுது. கஞ்சி குடு. சாயந்தரம் வரைக்கும் விடலன்னா டாக்டர்கிட்ட போ" என்பார். சாயந்தரம் மறக்காமல் அந்த வீட்டுக்குப் போய் மறுபடியும் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார்.

பாவு பிணைப்பதுதான் அவர் வேலை. புடவையில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. தறியில் ஒரு பாவு முடிந்ததும், அதன் இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையைக் கையால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று தப்பினாலும் புடவையில் கோடு விழும். இந்த வேலையால்தான் இப்படி அளந்து பேசுகிறாரோ என்று ஒருமுறை அவரிடமே கேட்டுவிட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. எங்கம்மாவும் இப்டிதான். அவுங்க களையெடுக்கப் போனவங்க" என்றார்.

அவர் இப்போது ஆரணியில் இல்லை. மகளோடு ஓசூருக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு ஐப்பசியிலும் டிவி திரை சிவப்பாகி, "மிரட்டும்", "புரட்டிப்போட்ட", "கோரத்தாண்டவம்" என்று எழுத்துகள் ஓட ஆரம்பிக்கும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும். கூடவே ஓர் அலுப்பும் வரும். அந்த எழுத்துகளில் கொஞ்சத்தை நானும் எழுதியவன்.

அப்போது நான் சென்னையில் இருந்த ஒரு செய்திச் சேனலுக்கு ஆரணியிலிருந்து செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர். மற்ற நேரத்தில் ஜெராக்ஸ் கடை. வருடத்தில் பத்து மாதம் எங்கள் ஊரைப் பற்றி யாரும் என்னிடம் கேட்க மாட்டார்கள். வங்கக் கடலில் காற்று கொஞ்சம் சுழன்றால் போதும், போன் ஓயாது. "அங்க எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. "விஷுவல் எப்படி இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி.

முதல் வெள்ளம் வந்த வருடம் மூன்று நாள் விடாமல் மழை. தெருவுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் நிரம்பி, வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் நிரம்பியது தறிக்குழிகள்தான். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் அந்தப் பள்ளங்கள் எல்லா வீட்டிலும் கிணறு போல ஆகிவிட்டன. அக்கா வீடு வீடாகப் போய், தான் பிணைத்த பாவுகளைச் சுருட்டிப் பிளாஸ்டிக் தாளில் கட்டி மேடான இடத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

நான் கேமராவோடு தெருமுனையில் நின்றிருந்தேன். சேனலின் செய்தி டெஸ்க்கிலிருந்து நாலாவது தடவையாகப் போன் வந்தது. பக்கத்து மாவட்டத்திலிருந்து நல்ல விஷுவல் வந்துவிட்டது, உங்கள் ஊரிலிருந்து வெறும் தண்ணீர்தான் வருகிறது, கதறல் இருந்தால் அனுப்புங்கள் என்றார்கள். அப்படியே அந்த வார்த்தைதான். கதறல்.

தலையில் மூட்டையோடு வந்த அக்காவை நிறுத்தினேன்.

"அக்கா, ஒரு நிமிஷம். இடுப்பளவு தண்ணின்னு சொல்லுங்க. அது போதும்."

"இடுப்பளவா? எங்க?"

"சும்மா சொல்லுங்கக்கா. அப்பதான் அதிகாரிங்க ஜல்தியா வருவாங்க."

"இன்னாப்பா நீ. முட்டிக்கு நாலு விரல் கீழதான் இருக்குது. இதோ பாரு." மூட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, காலில் நாலு விரலை வைத்து அளந்து காட்டினார். அந்த நேரம் பார்த்து ஒரு டிராக்டர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. அலை அவர் முகத்தில் அடித்தது. தடுமாறியவர், கையை நீட்டி டிரைவரைப் பார்த்து, "யோவ், மெதுவா போய்யா! பாவு நனையுது!" என்று கத்தினார்.

ஏழெட்டு விநாடிதான் இருக்கும். கேமராவைத் தாழ்த்தி வைத்திருந்ததால் படத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேல் இருப்பது போலத் தெரிந்தது. சத்தத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால், எல்லாவற்றையும் பறிகொடுத்த ஒரு பெண் தண்ணீரில் சரிந்து, கைநீட்டிக் கதறுவது போலவே இருந்தது. எனக்கு அது தெரிந்தது. தெரிந்துதான் அனுப்பினேன். கூடவே, "ஆரணி மூழ்கியது: எல்லாம் போச்சே எனக் கதறும் பெண்" என்று நானே டைப் செய்தேன்.

அரை மணி நேரத்தில் சோக இசையோடு அது ஓட ஆரம்பித்தது. அவர் முகத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் கரண்ட் இல்லாததால் நாங்கள் யாரும் பார்க்கவில்லை. சந்தவாசலில் ஒரு டீக்கடையில் அக்காவின் அண்ணன் பார்த்தார்.

அவர் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். தங்கைக்குப் போன் போட்டிருக்கிறார். டவர் இல்லை. கடையில் இருந்தவர்கள் மழை நிற்கட்டும் என்று தடுத்ததையும் கேட்காமல், யாருடைய வண்டியையோ வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியில் ஒரு சிறுபாலத்தில் தார் அரித்துப்போயிருந்தது. வண்டி சறுக்கி விழுந்ததில் வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இரண்டு ஆபரேஷன் செய்தும் கால் நேராகவில்லை. அதற்குப் பிறகு அவர் மூட்டை தூக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா திரும்பி வந்த அன்று போய்ப் பார்த்தேன். தண்ணீர் வடிந்திருந்தது. அவர் சுவரில் படிந்திருந்த சேற்றைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நான் கதர்றேன்னு எழுதினாங்களே, அது யாரு எழுதனது?"

"சென்னையில போட்டுட்டாங்கக்கா" என்றேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

அவர் என்னையே பார்த்தார். "சரி. அப்ப உன்மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. தெருவில் நாலு பேர் என்னைத் திட்டும்போதெல்லாம் அக்கா எனக்காகப் பேசினார். குழாயடியில் ஒருமுறை என் காதுபடவே சொன்னார்: "அவன் படம் புடிச்சான். அவ்ளோதான். எழுதனது மெட்ராஸ்காரங்க. பேசறதுன்னா சரியா பேசுங்க." யார் எதைக் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சரிசெய்கிறவர், என் பொய்யை வைத்துக்கொண்டு ஊரைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு தலைகுனிந்து வந்தேன். அன்றாவது சொல்லியிருக்கலாம்.

அந்தப் படம் செத்துப்போகவில்லை. அடுத்த வருடம் கடலோர ஊர் ஒன்றில் புயல் அடித்தபோது அதில் அக்கா கதறினார். அதற்கடுத்த வருடம் கேரளாவில் மலை சரிந்தபோது அங்கேயும் கதறினார். சென்னையில் தெருக்களில் தண்ணீர் நின்றபோதும் அதே நீலப் புடவை, அதே சிவப்பு வட்டம். தேவிகாபுரத்திலிருந்த அவருடைய சின்னம்மா ஒவ்வொரு தடவையும் போன் போட்டு அழுவார். அக்கா பொறுமையாகப் பதில் சொல்வார்: "இல்ல சின்னம்மா, பழசு. நான் சோறு ஆக்கிகினு இருக்கேன். இல்ல, தண்ணி இல்ல. வாசல்ல கோலம்கூட அழியல." ஒரே நாளில் ஏழு பேருக்கு இதையே சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். ஏழாவது ஆளிடமும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "பேஜாரா இருக்குது தம்பி. நான் போவாத ஊர்லல்லாம் என்ன அழ வெச்சிகினு இருக்காங்க. நிறுத்தச் சொல்ல முடியாதா?" என்று கேட்டார்.

டெஸ்க்கில் கேட்டேன். "ஃபைல் விஷுவல்தானே சார், யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்கள். அதை அப்படியே வந்து அக்காவிடம் சொன்னேன்.

"அந்த ஆபீஸ் எங்க இருக்குது? நானே வந்து சொல்றேன்" என்றார்.

அழைத்துக்கொண்டு போனேன். போயிருக்கக் கூடாது என்று பலநாள் நினைத்திருக்கிறேன். போனது நல்லதுதான் என்று இப்போது தோன்றுகிறது. கண்ணாடிக் கதவு போட்ட வரவேற்பறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஒரு தயாரிப்பாளர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். தூக்கம் இல்லாத கண்கள். அக்காவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நீங்கதானா அது! அம்மா, உங்கள வெச்சு ஒரு ஸ்பெஷல் பண்ணலாம். அன்று கதறிய பெண் இன்று எப்படி இருக்கிறார்னு."

"நான் கதறல. டிராக்டர்காரன மெதுவா போவச் சொன்னேன்" என்றார் அக்கா. "தண்ணி முட்டிக்கு நாலு விரல் கீழ இருந்துச்சு. ஒரே ஒரு பாவு நனைஞ்சுது. அதயும் காயவெச்சு எடுத்துட்டோம். இத எழுதிப் போட முடியுமா?"

அந்தப் பையன் சிரித்தான். கெட்டவன் இல்லை. அவனுக்கும் மேலே யாரோ போன் செய்துகொண்டே இருந்தார்கள். "அம்மா, நாங்களா எதுவும் எழுதறதில்ல. ஊர்லேர்ந்து என்ன வருதோ அதத்தான் போடுவோம்" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் எதையோ தேடினான். "இதோ பாருங்க, சார் அனுப்பின மெயில்." திரையைத் திருப்பிக் காட்டினான். என் பெயரும், எல்லாம் போச்சே எனக் கதறும் பெண் என்ற வரியும் அதில் இருந்தன.

அக்கா எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு அவனிடம், "சரிப்பா. அந்தப் படத்த மட்டும் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

பஸ்ஸில் காஞ்சிபுரம் தாண்டும்வரை அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நானாக ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். யோசித்து முடிக்கவில்லை என்று அர்த்தம். செய்யாறு வருவதற்குள் யோசித்து முடித்துவிட்டார்.

"எங்கண்ணன் வழுக்கி விழுந்தது ரோட்டால. அதுக்கு நீ காரணம் இல்ல. அவன் கெளம்பனதுக்கு நீ காரணம். கால் போனதுல பாதி உன்து. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

நான் தலையாட்டினேன்.

"ஆனா, உனக்காக நான் அத்தன பேர்கிட்ட பேசனேனே, அது பொய்யாப் போச்சு. என் வாயில பொய்ய வெச்சுட்ட. அது முழுசும் உன்து."

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் முன்னால் அழுதால் அதற்கும் ஓர் அளவு சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மறுநாள் காலையில் அவர் செய்ததை நான் ஜெராக்ஸ் கடையிலிருந்து பார்த்தேன். யார் யாரிடம் எனக்காகப் பேசினாரோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போனார். "நான் தப்பா சொல்லிட்டேன். எழுதனது அவன்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் முகத்தில் கோபம் இல்லை. குழாயடியிலும் சொன்னார். அதற்குப் பிறகு தெருவில் பலர் என்னோடு பேசவில்லை. சந்தவாசலுக்குப் போய் அவருடைய அண்ணனிடமும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. அக்கா என்னோடு பேச்சை நிறுத்தவில்லை, ஆனால் ஜெராக்ஸ் எடுக்க வந்தால் எத்தனை காப்பி என்பதோடு முடிந்துவிடும்.

நிருபர் வேலையை விட்டுவிடலாம் என்று அப்போது நினைத்தேன். விடவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது வெள்ளம் வந்தது, நாங்கள் சென்னை போய்வந்த அந்த வருட மழைக்காலத்தில்தான். அதற்கு முந்திய நாலு நாளும் எல்லாச் சேனலும் எங்கள் மாவட்டத்தை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. எங்களுக்கோ அவ்வப்போது தூறல், நடுவில் வெயில். டிவியில் ஊர் அழிந்துகொண்டிருக்க, அதன் எதிரே உட்கார்ந்து பிள்ளைகள் முறுக்குத் தின்றார்கள். ஐந்தாம் நாள் மதியம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் கல்யாண மண்டபத்துக்குப் போகும்படி சொன்னார்கள். விசைத்தறி வைத்திருக்கும் எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். "நாலு நாளா டிவில மூழ்கிகினுதான் இருக்கோம். போய்யா" என்றார். யாரும் அசையவில்லை.

நானும் அசையவில்லை. ஊரில் மழை விட்டிருந்தது. ஆனால் படவேடு பக்கம் மலையில் கொட்டுகிறது என்று யாரோ சொன்னதால், எதற்கும் இருக்கட்டும் என்று கேமராவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரை மணிக்கு அக்கா கால்வாய்ப் பாலத்திலிருந்து வேகமாக நடந்து வந்தார். முதல் வீட்டு வாசலில் நின்றார்.

"மூணு மணிக்குப் பாலத்துச் சொவத்துல பத்து வரி செங்கல் தெரிஞ்சுது. இப்ப ஏழுதான் தெரியுது. அந்த ஏழும் முழுகினா தண்ணி தெருவுக்கு வந்துடும். ஒரு மணி நேரம் இருக்குது, வேகம் கூடுனா அதுவும் இல்ல. நான் கெளம்பறேன்."

அவ்வளவுதான். கத்தவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய் அதையே சொன்னார். எதிர்வீட்டுக்காரர், "இன்னாக்கா, நீங்களும் டிவி பாத்துட்டு..." என்று இழுத்தார்.

"நான் டிவி பாக்கல. பாலத்தப் பாத்துட்டு வரேன்."

எதிர்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடியதைப் பார்த்தேன். வெயிலைக்கூட நேற்று மாதிரிதான் என்று சொல்கிற பெண் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறார் என்றால், அதற்கு மேல் அந்தத் தெருவுக்கு எதுவும் தேவைப்படவில்லை. பத்து நிமிடத்தில் பாய், குக்கர், ரேஷன் கார்டு என்று கையில் கிடைத்ததோடு ஜனங்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

என் கடை வாசலுக்கு வந்தவர் கேமராவைப் பார்த்தார்.

"படம் புடிக்கறதுன்னா மேட்டுல போய்ப் புடி. இல்லன்னா கடைசி வூட்டுல கெழவர் படுத்திருக்காரு. ஒரு ஆள் தூக்க முடியாது."

கேமராவை மேல்தட்டில் வைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினேன். வாதத்தில் விழுந்த அந்தப் பெரியவரை நானும் எதிர்வீட்டுக்காரரும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தோம். நாங்கள் பாதித் தெருவைக் கடக்கும்போதே பின்னால் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை என்னால் விவரிக்க முடியும், எனக்கு அதற்கான வார்த்தைகள் நிறையத் தெரியும். வேண்டாம். தண்ணீர் வந்தது. மண்டபத்துப் படியில் நின்று பார்த்தபோது தெருவில் ஓர் ஆள் மார்பளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மண்சுவர் வீடுகள் இருந்த இடம் தெரியவில்லை. என் கடையும் அதன் மேல்தட்டும் போய்விட்டன.

பொழுது சாயும் நேரத்தில் டெஸ்க்கிலிருந்து போன் வந்தது. நடந்ததைச் சொன்னேன். செங்கல் வரிசையைப் பற்றிச் சொன்னேன். ஒரு பெண் வீடு வீடாகப் போனதைச் சொன்னேன். அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"உயிர்ச்சேதம் எத்தன?"

"இல்ல சார்."

"காணாமப் போனவங்க?"

"யாரும் இல்ல. எல்லாரும் மண்டபத்துல இருக்காங்க."

"விஷுவல்?"

"எடுக்கல சார்."

"சரி, கீழ ஸ்க்ரோல்ல போட்டுக்கறோம்" என்று வைத்துவிட்டார்கள்.

மண்டபத்துக்குள் பெரிய அண்டாவில் உப்புமா கிண்டி, வாழையிலைத் துண்டுகளில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கரண்டியோடு நின்றிருந்தார். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் போயிருந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதாகத் தெரியவில்லை. வரிசையில் என் முறை வந்ததும், என் கையிலிருந்த போனைப் பார்த்து, "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"யாரும் சாகலன்னா செய்தி இல்லையாம்க்கா."

அவர் ஒரு கணம் யோசித்தார். அது சரியா தப்பா என்று நிறுத்துப் பார்ப்பது போல இருந்தது. பிறகு, "நல்லதுதான?" என்று சொல்லிவிட்டு என் இலையில் உப்புமா வைத்தார்.

"நம்ம தெரு மொத்தம் நூத்திப் பதினாறு பேர். ரெண்டு தடவ எண்ணிட்டேன்" என்றார். நான் நகரப் போனேன். அவர் அடுத்த இலையை எடுத்துக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் சொன்னார்:

"உன்னையும் சேத்துதான்."